வலி குறைஞ்சா, அது பொய் வலியா?

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கேன். திரும்பத் திரும்பச் சொன்னதை மட்டும் வெட்டியிருக்கேன்.)

இன்னைக்கு விருந்தினர் யாரும் கிடையாது, நான் மட்டும்தான். வழக்கமா சாஃப்ட்வேர், வேலை, சம்பளம்னு பேசுவோம். இன்னைக்கு வலி பத்திப் பேசப்போறேன். ஹிப்னாசிஸ் பத்தியும். சிரிக்காதீங்க, முதல்ல நானும் சிரிச்சவன்தான்.

போன தடவை லீவுக்கு மந்தாரக்குப்பம் போயிருந்தப்போ எங்க வீட்டுல ஒருத்தர் ஒரு வார்த்தை சொன்னாங்க. அந்த வார்த்தையாலதான் இந்த எபிசோட். அம்மாகிட்ட அனுமதி வாங்கிட்டுத்தான் பேசறேன்.

அம்மா ரொம்ப வருஷமா வீட்டு முன்னாடி இட்லிக் கடை வச்சிருந்தாங்க. எங்க ஊர் கடிகாரமே ஷிஃப்ட்டுதான். காலைல முதல் ஷிஃப்ட்டுக்குப் போறவங்க டிபன் கேரியரோட வந்து நிப்பாங்க. அதுக்கு அம்மா மூணரை மணிக்கே எந்திரிக்கணும். ஆறு வருஷம் முன்னாடி ஒரு நாள் மாவு அண்டாவைத் தூக்கும்போது இடுப்புல பிடிச்சது. பிடிச்ச பிடி இன்னும் முழுசா விடல.

தைலம், ஊசி, பெல்ட், பிசியோதெரபி, எம்.ஆர்.ஐ. எல்லாம் ஆச்சு. ஸ்கேனைப் பாத்த டாக்டர்கள் சொன்னது ஒண்ணுதான்: தேய்மானம் இருக்கு, ஆபரேஷன் தேவையில்ல. ஆனா வலி போகல. வலி மாத்திரை தினமும் போட்டு வயிறு கெட்டுப்போச்சு. கிட்னியையும் கவனிக்கணும்னு சொல்லி மாத்திரையைக் குறைச்சாங்க. கடையை மூடினாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு அம்மா வராந்தாவுல நடக்கற சத்தம் கேக்கும்.

இதுல என் பங்கையும் சொல்லிடறேன். ஒரு தடவை போன்ல, "ஸ்கேன்லதான் பெருசா ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்கல்ல, அதையே நினைச்சிட்டு இருக்காதம்மா"ன்னு சொன்னேன். நல்லதுன்னு நினைச்சுத்தான் சொன்னேன். அதுக்கப்புறம் ரொம்ப நாள் அம்மா என்கிட்ட வலி பத்தியே பேசல.

அப்புறம் வலி சிகிச்சை பாக்கற ஒரு டாக்டர், மருந்தோட சேத்து ஹிப்னோதெரபியும் செஞ்சு பாக்கலாம்னு ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்கிட்ட அனுப்பினார். எட்டு வாரம், வாரத்துக்கு ஒரு தடவை. வீட்டுல தினமும் இருபது நிமிஷம் பயிற்சி. பத்துக்கு ஏழுன்னு சொல்லிட்டு இருந்த வலி அஞ்சுக்கு வந்துச்சு. பூஜ்ஜியம் ஆகல. ஆனா ராத்திரி தூங்கினாங்க. எங்க வீட்டுக்கு அது பெரிய விஷயம்.

அந்தச் சமயத்துலதான் அத்தை வீட்டுக்கு வந்திருந்தாங்க. விஷயத்தைக் கேட்டுட்டு சிரிச்சிட்டே சொன்னாங்க: "பாத்தீங்களா அண்ணி, நான் அப்பவே சொன்னேன். எல்லாம் மனசுதான்."

அம்மா ஒண்ணும் சொல்லல. காபி டம்ளரை எடுத்துட்டு உள்ள போயிட்டாங்க. அன்னையில இருந்து ரெண்டு வாரம் பயிற்சி பண்ணவே இல்ல. மறுபடியும் வராந்தா, மறுபடியும் ரெண்டு மணி. ஏம்மான்னு கேட்டதுக்கு, "அத செஞ்சு வலி கொறஞ்சா, இத்தன வருஷம் நான் நடிச்சேன்னு ஆயிடும்டா"ன்னாங்க.

இந்த எபிசோட் அந்த ஒரு வாக்கியத்துக்கான பதில்தான். மனசு வழியா வலி குறைஞ்சா, அது பொய் வலின்னு அர்த்தமா?

ஹூக்ளி, 1845

இந்தக் கேள்வி நம்ம நாட்டுல ஏற்கனவே கேக்கப்பட்ட கேள்வி. கிட்டத்தட்ட 180 வருஷம் முன்னாடி, வங்காளத்துல.

ஜேம்ஸ் எஸ்டெய்ல்னு ஒரு ஸ்காட்லாந்து டாக்டர். கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்காக இந்தியா வந்தவர். கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளில ஆஸ்பத்திரி, ஜெயில் ரெண்டுக்கும் பொறுப்புல இருந்தார். அப்போ மயக்க மருந்து கிடையாது. ஆபரேஷன்னா நாலு பேர் பிடிச்சுக்குவாங்க, டாக்டர் எவ்வளவு சீக்கிரம் வெட்டறாரோ அவ்வளவு புண்ணியம்.

1845 ஏப்ரல் 4. ஒரு கைதிக்கு ரெண்டு பக்கமும் விரைவீக்கம். நீரை எடுத்துட்டு, திரும்பச் சேராம இருக்க உள்ள ஒரு மருந்தைச் செலுத்தறது அன்னைய வைத்தியம். அந்த மருந்து உள்ள போனதும் அந்த ஆள் வலில துடிக்கிறார். எஸ்டெய்ல் அதுவரைக்கும் 'மெஸ்மெரிசம்' பத்திப் படிச்சிருக்காரே தவிர, யாரும் செஞ்சு பாத்ததில்ல. இப்போ முயற்சி பண்ணலாமேன்னு அந்தக் கைதியோட உடம்பு மேல, தொடாம, மேலிருந்து கீழா கையை மெதுவா அசைச்சுக்கிட்டே இருக்கார். ரொம்ப நேரம் கழிச்சு அந்த ஆள் அசைவில்லாமப் போயிடறார். ஊசியால குத்தினாலும் எதிர்வினை இல்ல.

கவனிங்க, அந்த முதல் முயற்சி ஆபரேஷனுக்காகச் செஞ்சது இல்ல. துடிச்சிட்டு இருந்த ஒரு மனுஷனோட வலியைக் குறைக்கத்தான்.

அதுக்கப்புறம் எட்டு மாசத்துல 73 ஆபரேஷன் வலியில்லாம செஞ்சதா 1846-ல வந்த அவரோட புத்தகத்துல பட்டியலே கொடுத்திருக்கார். அதுல விரைவீக்கமும், யானைக்கால் நோயால வர்ற பெரிய பெரிய கட்டிகளும் நிறைய. கடலூர் மாவட்டத்துக்காரங்களுக்கு அந்த நோய் பத்தித் தனியா சொல்லத் தேவையில்ல. நம்ம தாத்தா காலத்துல தெருவுக்கு ஒருத்தர் இருந்திருப்பாங்க.

ஒவ்வொரு நோயாளிக்கும் மணிக்கணக்கா கையை அசைக்கணும், சிலருக்கு நாள்கணக்கா. எஸ்டெய்லால முடியல. ஆஸ்பத்திரில வேலை பாத்த கம்பவுண்டர்கள், டிரெஸ்ஸர்கள், நம்ம ஊர்ப் பசங்க, அவங்களுக்குக் கத்துக் கொடுத்தார். அந்த வேலையில பெரும்பங்கு அவங்க செஞ்சது. வரலாற்றுல நிக்கற பேர் மட்டும் எஸ்டெய்லோடது. வேலை செய்யற இடத்துல இதை நம்மள்ல பல பேர் பாத்திருப்போம்.

சரி, நம்ம கேள்விக்கு வர்றேன். கல்கத்தாவுல இருந்த மத்த டாக்டர்கள் இதை நம்பல. அரசாங்கம் 1846-ல ஒரு குழு போட்டு, கண் முன்னாடி செஞ்சு காட்டச் சொன்னது. குழு பாத்தது ரொம்ப விசித்திரமா இருந்தது. சில நோயாளிகள் கல்லு மாதிரி அசையாம இருந்தாங்க. வேற சிலருக்குக் கை இழுத்துச்சு, உடம்பு முறுக்கிக்கிச்சு, முகம் வலில கோணற மாதிரி கோணிச்சு. ஆனா எழுந்ததும் "வலிச்சுதா?"ன்னு கேட்டா, அவங்களும் இல்லன்னுதான் சொன்னாங்க.

இதுல எதை நம்பறது? துடிச்ச உடம்பையா, இல்லன்னு சொன்ன வாயையா?

எதிர்த்தவங்க ஒரே பதில் வச்சிருந்தாங்க: நடிக்கறாங்க, துரையைச் சந்தோஷப்படுத்த வலிக்கலன்னு சொல்றாங்க. இங்கிலாந்துலயும் 1842-ல ஒரு தொழிலாளிக்கு மெஸ்மெரிசத்துல காலை எடுத்தப்போ, அந்த ஆள் வலியை வெளிய காட்டாமப் பழகினவர், அவ்வளவுதான்னு பெரிய டாக்டர்களே வாதம் பண்ணினாங்க. யோசிச்சுப் பாருங்க. தொடையை அறுக்கறாங்க, அந்த ஆள் சத்தம் போடல. அதுக்கும் பேர் நடிப்பு. எங்க அம்மா வலிக்குதுன்னு சொன்னாங்க. அதுக்கும் பேர் நடிப்பு.

ஏழைங்க விஷயத்துல இந்தச் சந்தேகம் எப்பவும் சுலபமா வருது. கைதி, தொழிலாளி, வீட்டுல இருக்கற பொம்பளை. இவங்க வலி இருக்குன்னாலும் நம்ப மாட்டோம், இல்லன்னாலும் நம்ப மாட்டோம்.

குழு மொத்தத்துல சாதகமா எழுதினதால கல்கத்தாவுல ஒரு சின்ன மெஸ்மெரிக் ஆஸ்பத்திரி 1846 நவம்பர்ல திறந்தாங்க. ஆனா அதுக்கு முந்தின மாசம், அக்டோபர் 16, பாஸ்டன்ல ஈதர் கொடுத்து ஆபரேஷன் பண்ணிக் காட்டிட்டாங்க. அடுத்த வருஷம் குளோரோஃபார்ம். சில நிமிஷத்துல ஆளை மயக்கற மருந்து வந்தப்புறம் மணிக்கணக்கா யாரு கையை அசைச்சிட்டு இருப்பா? 1848-ல ஆஸ்பத்திரியை மூடிட்டாங்க. நியாயமான முடிவுதான். ஆபரேஷனுக்கு மயக்க மருந்துதான் சரி. ஆனா அதோட சேர்ந்து, வலிக்கும் மனசுக்கும் என்ன தொடர்புங்கற கேள்வியும் ரொம்ப காலத்துக்கு அலமாரிக்குள்ள போயிடுச்சு.

சக்தி யார்கிட்ட இருக்கு?

எஸ்டெய்ல் ஒரு விஷயத்துல தப்பு. தன் கையில இருந்து ஏதோ ஒரு காந்த சக்தி நோயாளிக்குள்ள போகுதுன்னு நம்பினார். அது ஃபிரான்ஸ் மெஸ்மரோட கொள்கை. 1784-லயே பாரிஸ்ல ஒரு அரசுக் குழு, அதுல பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் லவாய்சியரும் இருந்தாங்க, அப்படி ஒரு சக்தியே கிடையாதுன்னு சோதிச்சுச் சொல்லிட்டாங்க.

சரியான பதிலைச் சொன்னவர் ஒரு கோவாக்காரர். அபே ஃபரியா, 1756-ல காண்டோலிம்ல பிறந்த பாதிரியார். 1813-ல பாரிஸ்ல கூட்டம் கூட்டி செஞ்சு காட்டினார். அவர் சொன்னது: என் கையில ஒண்ணும் இல்ல, எல்லாம் உங்ககிட்டதான் இருக்கு. உக்காந்திருக்கறவரோட எதிர்பார்ப்பு, கவனம், ஒத்துழைப்பு, இதுதான் வேலை செய்யுதுன்னு சொன்னார். பணஜில அவருக்குச் சிலை இருக்கு. கோவா போறவங்க பீச்சுக்குப் போற வழியில அதையும் ஒரு எட்டு பாத்துட்டு வாங்க. 'ஹிப்னாடிசம்'ங்கற வார்த்தையைப் பரப்பினவர் ஜேம்ஸ் பிரெய்ட்ங்கற டாக்டர், 1840-கள்ல.

நம்ம மொழியில இதுக்கு 'மனவசியம்'னு ஒரு வார்த்தை இருக்கு. எனக்கு அந்த வார்த்தை மேல கோபம். வசியம்னாலே ஒருத்தர் இன்னொருத்தரைக் கட்டிப்போடறதுன்னு ஆயிடுது. ஸ்கூல் ஸ்டேஜ்ல வெங்காயத்தை ஆப்பிள்னு கடிக்க வைக்கற ஷோ, சினிமால ஆடற பெண்டுலம், இதெல்லாம் ஞாபகம் வருது. அம்மாவை முதல் தடவை கூட்டிட்டுப் போனப்போ நானும் அதைத்தான் நினைச்சேன்.

அந்த அறையில என்ன நடக்குது?

பெண்டுலம் இல்ல. தூங்க வைக்கறதும் இல்ல. அம்மா முழுநேரமும் முழிச்சுத்தான் இருந்தாங்க. வெளிய ஹாரன் சத்தம் கேட்டதுன்னு சொன்னாங்க.

முதல்ல கவனத்தை ஒரு இடத்துக்குக் கொண்டு வர்றாங்க. மூச்சு, கண் இமை, உள்ளங்கை, இப்படி. கொஞ்ச நேரத்துல உடம்பு தளர்ந்து, கவனம் ஒரே புள்ளிக்கு வருது. சினிமால மூழ்கி இருக்கும்போது பக்கத்துல ஆள் எந்திரிச்சுப் போறது தெரியாதுல்ல, அந்த நிலை. அப்புறம்தான் பரிந்துரைகள்.

அந்த சைக்காலஜிஸ்ட் அம்மாகிட்ட, "உங்க வலி எது மாதிரி இருக்கு?"ன்னு கேட்டாங்க. அம்மா கொஞ்சம் யோசிச்சு, "கிரைண்டர் ஓடற மாதிரி. நிக்கவே நிக்காது"ன்னாங்க. அப்படின்னா கிரைண்டரை நிறுத்த வேண்டாம், அடுப்படிக் கதவைச் சாத்துங்கன்னு சொல்லிக் கொடுத்தாங்க. கிரைண்டர் ஓடட்டும். நீங்க முன் அறையில இருக்கீங்க. சத்தம் கேக்குது, ஆனா தூரத்துல கேக்குது. இதைத் திரும்பத் திரும்ப. அப்புறம் அதையே போன்ல ரெக்கார்ட் பண்ணிக் கொடுத்து, வீட்டுல கேக்கச் சொன்னாங்க. கடைசில ரெக்கார்டிங் இல்லாமலே அம்மாவே செய்யக் கத்துக்கிட்டாங்க. உண்மையான நோக்கம் அதுதான், சுய ஹிப்னாசிஸ். டாக்டர் இல்லாத ராத்திரி ரெண்டு மணிக்கு வேலை செய்யணும்ல.

மூளைல என்ன மாறுது?

1997-ல மாண்ட்ரியல்ல பியர் ரெயின்வில் குழு ஒரு சோதனை பண்ணினாங்க, சயின்ஸ் இதழ்ல வந்தது. ஆட்களை ஹிப்னாசிஸ் நிலைக்குக் கொண்டு போய் கையை 47 டிகிரி சுடுதண்ணில வைக்கச் சொன்னாங்க. ஒரு சுற்றுல, இந்த வலி அவ்வளவு தொந்தரவா இல்லன்னு பரிந்துரை. இன்னொரு சுற்றுல, ரொம்பத் தொந்தரவா இருக்குன்னு. தண்ணி அதே தண்ணி, அதே சூடு. பி.இ.டி. ஸ்கேன்ல பாத்தா, தொடு உணர்வைப் பதிவு செய்யற பகுதில பெரிய மாற்றமில்ல. வலியோட வேதனையோட தொடர்புடைய ஆன்டீரியர் சிங்குலேட் கார்டெக்ஸ்ங்கற பகுதில செயல்பாடு ஏறி இறங்குச்சு. அவங்க சொன்ன தொந்தரவோட அளவும் அதோட சேர்ந்தே ஏறி இறங்குச்சு.

ஆன்-கால் டியூட்டி பாத்தவங்களுக்கு இது உடனே புரியும். அலர்ட் வருது. அதை நிறுத்தல. ஆனா பி-1-ன்னு வந்தா ராத்திரி எந்திரிச்சு ஓடுவோம், பி-3-ன்னு வந்தா காலைல பாத்துக்கலாம்னு படுத்துடுவோம். அலர்ட் ஒண்ணுதான், முக்கியத்துவம்தான் மாறுது. அம்மாவோட கிரைண்டரும் கதவும் இதுதான்.

கல்கத்தா குழு பாத்த விசித்திரத்துக்கும் இங்க ஒரு வெளிச்சம் கிடைக்குது. முகம் கோணின நோயாளி, வலிக்கலன்னு சொல்லலாம். ரெண்டும் உண்மையா இருக்க வாய்ப்பிருக்கு. ஏன்னா வலிங்கறது ஒரே ஒரு கம்பி இல்ல, பல இழை. ஒண்ணு ஓடும்போது இன்னொண்ணு அடங்கியிருக்கலாம்.

2004-ல இன்னொரு ஆய்வு, இதுக்கு நேர் எதிர்த் திசையில. உடம்புல எந்தத் தூண்டுதலும் இல்லாம, ஹிப்னாசிஸ்ல வலி இருக்குன்னு பரிந்துரை கொடுத்தாங்க. அப்புறம் அதே ஆட்களை, வலிக்கறதா சும்மா கற்பனை பண்ணிக்கச் சொன்னாங்க. ஹிப்னாசிஸ் வலில, நிஜ வலில இயங்கற பகுதிகள்ல பலதும் இயங்குச்சு. சும்மா கற்பனைக்கு அந்த அளவு இல்ல. நினைச்சுக்கறது வேற, அனுபவிக்கறது வேறன்னு மூளையே பிரிச்சுக் காட்டுது.

யாருக்கு எவ்வளவு?

இங்க நான் கவனமா இருக்கணும். 2019-ல 85 ஆய்வுகளை, மொத்தம் 3,632 பேரை, ஒண்ணாச் சேர்த்துப் பாத்தாங்க. பரிந்துரையை ரொம்ப எளிதா ஏத்துக்கறவங்களுக்கு வலி 42 சதவீதம் குறைஞ்சது. நடுத்தரமா ஏத்துக்கறவங்களுக்கு 29 சதவீதம். குறைவா ஏத்துக்கறவங்களுக்குப் பெருசா பலன் இல்ல. இதெல்லாம் ஆய்வுக்கூடத்துல, ஆரோக்கியமா இருக்கறவங்களுக்குச் செயற்கையா உண்டாக்கின வலி. அம்மாவோட ஆறு வருஷ வலி மாதிரி இல்ல.

நாள்பட்ட வலில ஆய்வுகள் கம்மி, சின்னது. மூட்டு, தசை, நரம்பு வலிகளுக்கான ஆய்வுகளை 2022-ல தொகுத்தப்போ பலன் நடுத்தரமா இருந்தது, அதுவும் குறைஞ்சது எட்டு அமர்வாவது போனவங்களுக்கு. ஒரே நாள்ல குணம்னு யாராவது சொன்னா எந்திரிச்சு வந்துடுங்க.

இந்த ஏத்துக்கற தன்மையை அளக்கறதுக்கு 1959-லயே ஸ்டான்ஃபோர்ட்ல ஒரு அளவுகோல் பண்ணிட்டாங்க. அதே ஆட்களை 25 வருஷம் கழிச்சு மறுபடி சோதிச்சா மதிப்பெண் பெருசா மாறல. அதாவது இது உங்க உயரம் மாதிரி. ஏமாளிங்கற அர்த்தம் கிடையாது, மன வலிமை இல்லங்கற அர்த்தமும் கிடையாது. நான் அம்மா ரெக்கார்டிங்கை ரெண்டு தடவை கேட்டுப் பாத்தேன். எனக்கு ஒண்ணும் ஆகல, ஃபேன் சத்தம்தான் கேட்டுச்சு. உங்களுக்கும் வேலை செய்யலன்னா அது உங்க குத்தம் இல்ல. "நீ மனசு வச்சு செய்யல"ன்னு யாராவது சொன்னா, அதுவும் அத்தை சொன்ன மாதிரிதான், வேற வார்த்தைல.

போறதுக்கு முன்னாடி

ஒண்ணு, முதல்ல டாக்டர். இடுப்பு வலியோட கால்ல பலம் குறையறது, சிறுநீர் மலம் அடக்க முடியாமப் போறது, இடுக்குப் பகுதி மரத்துப்போறது, காய்ச்சல், காரணமில்லாம எடை குறையறது, இதுல எது இருந்தாலும் கண்ணை மூடி உக்காராதீங்க, ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. அலர்ட்டோட முக்கியத்துவத்தைக் குறைக்கறதுக்கு முன்னாடி, சர்வர் நிஜமாவே எரியுதான்னு பாக்கணும்.

ரெண்டு, மருந்தை நீங்களா நிறுத்தாதீங்க. அம்மாவுக்கு மாத்திரை குறைஞ்சது டாக்டர் சொல்லித்தான்.

மூணு, யார்கிட்ட போறீங்கன்னு பாருங்க. மத்திய சுகாதார அமைச்சகம் 2003-ல ஹிப்னோதெரபியை ஒரு சிகிச்சை வழிமுறையா ஏத்துக்கிட்டது, ஆனா முறையான பயிற்சி உள்ளவங்க செய்யணும்னு சொல்லியிருக்கு. வார இறுதில சான்றிதழ் வாங்கிட்டு போர்டு மாட்டறவங்க நிறைய. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னா இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்ல பதிவு இருக்கணும். பதிவு எண்ணைக் கேளுங்க, கேக்கறதுல வெக்கம் வேண்டாம். இல்லாத குரலைக் கேக்கற, நிஜம் எது பிரமை எதுன்னு குழம்பற மனநோய் இருக்கறவங்க, மனநல மருத்துவரைக் கேக்காம இதுல இறங்கக் கூடாது.

அத்தைக்குப் பதில்

வலி பத்தி ஆராய்ற சர்வதேச அமைப்பு ஒண்ணு இருக்கு. 2020-ல அவங்க வலிக்கான வரையறையைத் திருத்தினப்போ கூடவே சில குறிப்புகள் கொடுத்தாங்க. ஒருத்தர் வலிக்குதுன்னு சொன்னா, அதை மதிக்கணும்ங்கறது அதுல ஒண்ணு. உடம்புல இருந்து வர்ற சிக்னலும் வலியும் வேற வேறங்கறது இன்னொண்ணு.

ஸ்கேன் கதையும் இதேதான். 2015-ல ஒரு தொகுப்பு ஆய்வு, முதுகு வலியே இல்லாதவங்க ஸ்கேனைப் பாத்தது. இருபது வயசுலயே 37 சதவீதம் பேருக்குத் தட்டுல தேய்மானம். எண்பது வயசுல 96 சதவீதம். வலி இல்லாம தேய்மானம் இருக்கலாம். ஸ்கேன்ல பெருசா ஒண்ணும் இல்லாம வலி இருக்கலாம். நான் அன்னைக்குப் போன்ல சொன்னதுக்கு ஒரு அடிப்படையும் இல்ல.

எல்லா வலியும் கடைசில மூளைலதான் உருவாகுது. எங்க அத்தைக்குப் போன வருஷம் பல் வலி வந்ததே, அதுவும்தான். மூளைல உருவாகுதுங்கறது பொய்ங்கறதுக்குச் சாட்சின்னா, உலகத்துல நிஜ வலியே கிடையாது. பிரஷர் மாத்திரை போட்டு பிரஷர் குறைஞ்சா, முன்னாடி இருந்த பிரஷர் நடிப்புன்னு யாரும் சொல்றதில்ல. கவனத்தைப் பழக்கி வலி குறைஞ்சா மட்டும் ஏன் சொல்றோம்?

இதையெல்லாம் ஒரு நாள் சாயங்காலம் அம்மாகிட்ட உக்காந்து சொன்னேன். சிங்குலேட் கார்டெக்ஸ் எல்லாம் சொல்லல. ஹூக்ளி ஜெயில் கதையைச் சொன்னேன். அம்மா ரொம்ப நேரம் கேட்டுட்டு, "அந்த ஜெயில்காரன சொன்னதயும் யாரும் நம்பலயா?"ன்னு கேட்டாங்க. நிறைய பேர் நம்பலம்மான்னேன். "பாவம்"னாங்க. அப்புறம், "நீ சொன்னதுதான்டா எனக்கு ரொம்ப வலிச்சுது, அவங்க சொன்னதுகூட இல்ல"ன்னாங்க. மன்னிப்புக் கேட்டேன். ரெக்கார்டிங்ல கேக்கறதுக்கு நல்லா இருக்கும்னு இதைச் சொல்லல. உங்க வீட்டுல இதே மாதிரி ஒருத்தர் இருந்தா, நீங்களும் இதே மாதிரி ஏதாவது சொல்லியிருப்பீங்க. அதனால சொல்றேன்.

அம்மா இப்போ மறுபடியும் பயிற்சி பண்றாங்க. எல்லா நாளும் இல்ல. சில நாள் அஞ்சு, சில நாள் ஏழு. மழை நாள்ல கதவு சரியா சாத்த மாட்டேங்குதுன்னு சொல்றாங்க. கடையைத் திறக்கற யோசனை இல்ல. ஆனா போன வாரம் போன் பண்ணினப்போ, பின்னாடி கிரைண்டர் சத்தம் கேட்டுச்சு. நிஜ கிரைண்டர். என்னம்மான்னேன். "வீட்டுக்குதான்டா, கொஞ்சமா. அண்டாவ நான் தூக்கல, உங்கப்பாதான் தூக்கறாரு"ன்னாங்க.

அவ்வளவுதான் மக்களே. உங்க வீட்டுல யாருக்காவது நாள்பட்ட வலி இருந்தா, இன்னைக்கு அவங்களுக்கு யோசனை எதுவும் சொல்லாதீங்க. எப்படி இருக்குன்னு மட்டும் கேளுங்க. சொல்றதை நம்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.